டாக்ஸாய்டு: நச்சுப்போலியா, நச்சுருவா?

ஆணி குத்தினால் ஓடிப்போய்ப் போட்டுக்கொள்கிறோமே டிடி (TT) ஊசி, அதில் முதல் ‘டி’ டெட்டனஸ். இரண்டாவது ‘டி’? அதுதான் டாக்ஸாய்டு. உடம்பில் எத்தனையோ முறை ஏற்றிக்கொண்டும் பெயர் விசாரிக்காமல் விட்ட சரக்கு.

பிரித்துப் பார்த்தால் இரண்டு கிரேக்கத் துண்டுகள். ‘டாக்ஸான்’ என்றால் வில். அம்பில் தடவும் நஞ்சுக்கு அதிலிருந்து பெயர் வந்தது; நாளடைவில் வில் மறைந்து நஞ்சு மட்டும் நின்றது. ‘ஆய்டு’ என்ற ஒட்டு ‘எய்டாஸ்’ வழி வந்தது. உரு, தோற்றம் என்று பொருள். ஆக, நஞ்சின் உரு இருக்கும், நஞ்சின் வேலை இருக்காது; அந்த உருவைப் பார்த்தே உடல் எதிர்ப்புச் சக்தியைத் தயார் செய்துகொள்ளும். 19ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் இந்தச் சொல்லை உண்டாக்கியவர் ஜெர்மனியின் மருத்துவ விஞ்ஞானி பால் எர்லிக். 1920களில் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் காஸ்டன் ரமோன், தொண்டையை அடைக்கும் டிப்தீரியா நோயின் நச்சில் ஃபார்மலின் கலந்து மிதமான சூட்டில் வைத்து அதன் கொடுமையைப் போக்கினார். அவர் வைத்த பெயர் ‘அனடாக்சின்’. ஆங்கிலம் எர்லிக்கின் சொல்லையே பிடித்துக்கொண்டது.

முதியோருக்கான குடல் தொற்றுத் தடுப்பூசி ஆராய்ச்சியில் இந்தச் சொல் அடிக்கடி தலைகாட்டும். அங்கே எதிரி ‘சி டிஃப்’ என்ற பாக்டீரியா, முழுப்பெயர் கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில். ‘டிஃபிசில்’ என்றால் லத்தீனில் ‘கடினமானது’, 1935இல் இதை ஆய்வகத்தில் வளர்க்கப் பட்ட பாடு பெயரில் தங்கிவிட்டது. (முன்பெயரிலும் ஒரு ‘ஆய்டு’ ஒளிந்திருக்கிறது: 2016இல் பழைய கிளாஸ்ட்ரிடியம் பேரினத்திலிருந்து பிரித்தபோது ‘கிளாஸ்ட்ரிடியம் போன்றது’ என்று வைத்தார்கள்.) வேறெதற்கோ ஆன்டிபயாடிக் சாப்பிட்டு, குடலின் நல்ல பாக்டீரியாக்கள் அழிந்த நேரம் பார்த்து இது பெருகும். 65 வயதைத் தாண்டியவர்களைத்தான் அதிகம் படுத்தும். கெட்டி உறைக்குள் உறங்கிக் கிடக்கும் இதன் வித்துகள் ஆல்கஹால் சானிடைசருக்கு அசையாது; சோப்புப் போட்டுத் தேய்த்துத் தண்ணீரில் கழுவித்தான் போக்க வேண்டும்.

குடலைப் புண்ணாக்குவது முக்கியமாக அது கக்கும் ஏ, பி என்ற இரண்டு நச்சுகள். அப்படியானால் அந்த நச்சுகளையே டாக்ஸாய்டாக்கி ஊசி போட்டால் என்ன? போட்டுப் பார்த்தார்கள். மருந்து நிறுவனமான சனோஃபி 2017இல் முயற்சியைக் கைவிட்டது. இன்னொரு நிறுவனமான ஃபைசர் 50 வயதுக்கு மேற்பட்ட சுமார் 17,500 பேரிடம் சோதித்தது; 2022இல் வந்த முடிவின்படி முதல் தொற்றைத் தடுக்கும் இலக்கை அது எட்டவில்லை. ஆனால் ஊசி போட்டும் நோய் வந்தவர்களுக்குத் தொல்லை சீக்கிரம் அடங்கியது, மருத்துவரைத் தேடிப் போகும் அளவுக்கு முற்றவில்லை.

இதில் எனக்கு வியப்பில்லை. உடலுக்குக் காட்டியது நஞ்சின் உருவைத்தான், பாக்டீரியாவை அல்ல. குடலில் குடியேறுவதை அது எப்படித் தடுக்கும்? 2024இல் எலிகளில் சோதித்த ஒரு எம்ஆர்என்ஏ தடுப்பூசி, நச்சுகளோடு அந்தப் பாக்டீரியாவின் வேறு புரதங்களையும் குறிவைத்தது இதனால்தான்.

சரி, தமிழில் என்ன சொல்வது? முதலில் தோன்றுவது ‘நச்சுப்போலி’. இலக்கணத்தில் அறம் அறன் ஆவதைப் போலி என்கிறோம், அந்த நினைவில் அழகான சொல்தான். ஆனால் பேச்சில் போலி என்றால் ஏமாற்று. ஊசிக்குக் காத்திருக்கும் பெரியவர் கையில் இருக்கும் தாளில் ‘போலி’ என்று அச்சாகியிருந்தால், அவர் எழுந்து போய்விடுவார்.

என் ஓட்டு ‘நச்சுரு’வுக்கு. நச்சு + உரு, கிரேக்கத்தில் இருப்பது அப்படியே. நஞ்சு தொடரின் முன்னால் நச்சு ஆவது புதிதல்ல. நச்சுப்பாம்பு, இருப்புப்பாதை எல்லாம் அந்த வகைதான். ஒரு சங்கடம் உண்டு: வைரசைச் சிலர் ‘நச்சுயிரி’ என்கிறார்கள், காதில் இரண்டும் மோதும். அதனால் முதல்முறை எழுதும்போது ‘டாக்ஸாய்டு எனும் நச்சுரு’ என்று சேர்த்தே எழுதிவிட்டு, அப்புறம் டெட்டனஸ் நச்சுரு, டிப்தீரியா நச்சுரு என்று போகலாம்.