மூளை அலைப் பதிவும் சட்டத்தின் இடைவெளியும்

மட்டக்களப்பில் வலிப்பு நோய்க்காக மூளை மின்னலைப் பரிசோதனைக்குச் செல்பவரிடம், தலையில் எண்ணெய் வைக்காமல் முழுகிவிட்டு வரும்படி சொல்வார்கள். பிசுக்கு இருந்தால் மின்வாய்கள் தோலில் சரியாகப் பற்றாது. நரம்பணுக்கள் எழுப்பும் மின்னழுத்தம் மண்டையோட்டைக் கடந்து வருவதற்குள் சில பத்து மைக்ரோவோல்ற்றுகளாகத் தேய்ந்துவிடுவதால்தான் இத்தனை கவனம். அதே அலைகளை, தரம் குறைவாகவேனும், இணையத்தில் வாங்கக்கூடிய தலைப்பட்டிகளும் இன்று பதிவு செய்கின்றன. வைத்தியசாலைப் பதிவு நோயாளியின் கோவையில் இருக்கும். தலைப்பட்டியின் பதிவோ அதைத் தயாரித்த கம்பனியின் சேவையகத்துக்குப் போய்விடலாம்.

இந்த அலைகளிலிருந்து எண்ணங்களை வரிவரியாக வாசிக்க முடியாது. அப்படிச் சொல்லும் விளம்பரங்களை நம்ப வேண்டியதில்லை. கவலைக்குரியது வேறொன்று. தனக்கு முக்கியமான எதையாவது கண்டதும், ஏறத்தாழ 300 மில்லிசெக்கனில், மூளையில் பீ300 எனப்படும் மின்னலை மேடொன்று எழுகிறது. 2012 இல் ஆய்வாளர்கள் விலை குறைந்த தலைப்பட்டியை அணிவித்து, வங்கிகள், இடங்கள், முகங்கள் போன்றவற்றின் படங்களைத் திரையில் காட்டி, அணிந்தவருக்குப் பரிச்சயமானது எது என்பதை எழுந்தமானமான ஊகத்தைவிடக் கூடுதலாகக் கணிக்கலாம் என்று காட்டினர். மறுப்பதற்கு அவகாசம் கிடைக்கும் முன்பே அந்த அலை எழுந்துவிடுகிறது. எதைக் கொடுக்கிறோம் என்பது கொடுப்பவருக்கே தெரியாதபோது, சம்மதத்தை மட்டும் நம்பிய தரவுச் சட்டம் இங்கே போதாது என்பதே என் கருத்து.

சிலி 2021 இல் அரசியலமைப்பைத் திருத்தி, மூளைச் செயற்பாட்டையும் அதிலிருந்து பெறப்படும் தகவலையும் பாதுகாப்புக்குள் கொண்டுவந்தது. 2023 ஆகஸ்டில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், முன்னாள் செனட்டர் குயிடோ ஹிரார்டி தொடுத்த வழக்கில், அவரது மூளைத் தரவை அழிக்கும்படி தலைப்பட்டி தயாரிக்கும் இமோட்டிவ் நிறுவனத்துக்கு உத்தரவிட்டது. அமெரிக்காவில் கொலராடோவும் கலிபோர்னியாவும் 2024 இல் நரம்புத் தரவைத் தம் தனியுரிமைச் சட்டங்களில் சேர்த்தன.

இலங்கை அரசியலமைப்பின் 10 ஆம் உறுப்புரை சிந்தனைச் சுதந்திரத்தை மட்டுப்பாடு எதுவுமின்றி உறுதி செய்கிறது. ஆயினும் அடிப்படை உரிமை வழக்கை, 126 ஆம் உறுப்புரையின்படி, நிறைவேற்று அல்லது நிர்வாகச் செயலுக்கு எதிராகவே தொடுக்க முடியும் என்பதால், தலைப்பட்டி விற்கும் கம்பனி அதற்குள் அகப்படாது. கம்பனிகளையும் கட்டுப்படுத்த எழுதப்பட்ட 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தரவுப் பாதுகாப்புச் சட்டம், உடல்நலம், மரபணு, உயிரளவை (கைரேகை போன்றவை) ஆகியவற்றைக் கூடுதல் பாதுகாப்புக்குரிய விசேட வகைத் தரவுகளாகக் குறிக்கிறது. மூளைத் தரவைப் பெயர் சொல்லிக் குறிக்கவில்லை. கல்முனையில் ஒரு ரியூசன் வகுப்பு, பதினாறு வயதுக்குக் குறைந்த மாணவரின் கவனத்தை அளக்கத் தலைப்பட்டி அணிவிக்குமானால், பிள்ளை பற்றிய தரவு என்ற காரணத்தால் அப்பதிவு விசேட வகைக்குள் வந்துவிடும். அதே பட்டியை வீட்டில் தியானத்துக்காக அணியும் தகப்பனோ, தன் பதிவு உடல்நலத் தரவுதான் என்பதை முதலில் வாதாடி நிறுவ வேண்டியிருக்கும்.