இட்லியக் கரைச்சு குடிச்ச ஆட்டோக்காரர்

வியாசர்பாடி பக்கத்துலேர்ந்து ஒரு ஆட்டோ டிரைவர், 54 வயசு, எங்கிட்ட எண்டோஸ்கோப்பிக்கு, அதாவது வாய் வழியா கேமரா குழாய் விட்டு உள்ள பாக்குற டெஸ்ட்டுக்கு வந்தாரு. என்னண்ணே பண்ணுதுன்னு கேட்டேன். "கேஸ்தான் டாக்டர், நெஞ்சுல அடைக்குது"ன்னாரு. கூட வந்த அவர் சம்சாரம்தான் மெதுவா வாயத் தொறந்தாங்க, "பரோட்டான்னா உசுரு டாக்டர் இவருக்கு, தீபாவளிலேர்ந்து தொடவே இல்ல, அப்புறம் தோசையும் வேணாம்னாரு, இப்போ இட்லியக் கூட சாம்பார்ல கரைச்சுதான் குடிக்கிறாரு." அவர் பெல்ட்டப் பாத்தேன், ஆணியால அடிச்ச மாதிரி புதுசா ரெண்டு ஓட்டை.

அவருக்கு உணவுக்குழாய்ல புற்றுநோய். அந்தம்மா சொன்னதுல மொத்த வியாதியும் இருக்கு. உணவுக்குழாய் சுமார் 25 சென்டிமீட்டர் நீளம், நல்லா விரிஞ்சு குடுக்கும், அதனால பாதிக்கு மேல அடைக்கிற வரைக்கும் பெருசா ஒண்ணும் தெரியாது, மொதல்ல கெட்டியானது சிக்கும், அப்புறம் சோறு, கடைசியில தண்ணி கூட இறங்காது. நாமளும் நம்மளையே அறியாம அதுக்குத் தகுந்த மாதிரி சாப்பாட்ட மாத்திக்கிட்டே போவோம். அதனால நான் இப்பல்லாம் ஆறு மாசத்துக்கு முன்னாடி ராத்திரி என்ன சாப்பிட்டீங்க, நேத்து என்ன சாப்பிட்டீங்கன்னுதான் மொதல்ல கேக்குறேன்.

அவர் நாலு மாசமா மெடிக்கல்ல கேட்டு வாங்கி கேஸ் மாத்திரை போட்டிருக்காரு. ஆசிட் குறைஞ்சா புற்றுநோய்ப் புண்ணு கூட கொஞ்சம் ஆறின மாதிரி இருக்கும், எரிச்சல் போயிடும், கட்டி மட்டும் வளந்துட்டே இருக்கும். எனக்கு மனசு ஆறாத விஷயம் இதுதான். இப்போ கீமோ ஓடுது, ஆபரேஷன் பண்ற ஸ்டேஜ இன்னும் தாண்டல.

இரைப்பைல வர்ற புற்றுநோய் இன்னும் சத்தமில்லாம வரும். நாலு வாய் சாப்பிட்டதுமே வயிறு ரொம்பிடும், எடை குறையும், ரத்தம் துளித்துளியா கசிஞ்சு மலத்துல கறுப்பா போகும். 60 வயசு அம்மா ஒருத்தங்க, ஹீமோகுளோபின் 7தான், ரத்தம் ரொம்பக் கம்மி, மலம் தார் மாதிரி கறுப்பா போகுது, வீட்ல எல்லாரும் இரும்புச்சத்து மாத்திரையாலதான்னு நெனச்சுட்டாங்க. அந்த மாத்திரையும் கறுப்பாக்கும்ங்கிறது நிஜம், அதான் ஏமாந்துடுறோம். மாதவிடாய் நின்னு வருஷக்கணக்கான ஒருத்தங்களுக்கு ரத்தம் எங்க போச்சுன்னு யாராவது கேட்டிருக்கணும்.

பீடி, சிகரெட், சாராயம், புகையிலை போட்ட வெத்தலை, குட்கா எல்லாம் தெரிஞ்சதுதான். 65 டிகிரிக்கு மேல கொதிக்கக் கொதிக்க டீ குடிக்கிறதும் உணவுக்குழாய்க்கு ஆகாது, ரெண்டு நிமிஷம் ஆற விடுங்க. இரைப்பைல ஹெலிகோபாக்டர் பைலோரின்னு ஒரு கிருமி இருக்கு, 1994லயே அத புற்றுநோய்க் காரணியா அறிவிச்சாச்சு, ரெண்டு வாரம் மாத்திரை போட்டா பெரும்பாலும் போயிடும்.

பயாப்ஸி, அதாவது டெஸ்ட்டுக்கு துளி சதை எடுத்தா புற்றுநோய் பரவிடும்னு பயந்து வராம இருக்கவங்க நிறைய பேரு. அப்படி பரவாதுங்க. தொண்டைல மரத்துப்போற ஸ்ப்ரே அடிப்போம், பத்து நிமிஷத்துல முடிஞ்சிடும், சதை எடுக்குறது வலிக்கவே வலிக்காது. சென்னைல ராஜீவ் காந்தி ஜி.எச்.லயும் ஸ்டான்லி ஆஸ்பத்திரிலயும் இதுக்குன்னே தனி டிபார்ட்மென்ட் இருக்கு.

சாப்பாடு சிக்குதுன்னா மாத்திரை மாத்திப் பாக்காம நேரா ஸ்கோப்புக்கு வாங்க. ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ஒண்ணும் சாப்பிடாம, காலையில காபி கூட குடிக்காம வரணும். போட்டுட்டிருக்கிற மாத்திரை அட்டையெல்லாம் எடுத்துக்கோங்க, வீட்ல உங்களுக்கு சோறு போடுறவங்களையும் கூட்டிட்டு வாங்க.