இகுவானா வளர்ப்பவர்கள் கவனத்துக்கு: கடை பில் உங்களைக் காப்பாற்றாது

நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் பச்சை இகுவானா என்ற பெரிய வெளிநாட்டுப் பல்லியை வளர்க்கும் வீடுகள் இருக்கின்றன. பெரும்பாலும் கல்லூரிப் பிள்ளைகள் ஆசைப்பட்டு வாங்கியவை. "வெளிநாட்டுப் பிராணிதானே, நம் ஊர்ச் சட்டம் இதைத் தொடாது" என்று சொல்லித்தான் கடைக்காரர் விற்றிருப்பார். 2023 ஏப்ரல் 1க்கு முன்பு அந்தப் பேச்சில் ஓரளவு உண்மை இருந்தது. இப்போது துளியும் இல்லை. சோதனை என்று வரும்போது விற்றவர் கைபேசியை அணைத்துவிடுகிறார். கூண்டு யார் வீட்டில் இருக்கிறதோ அவர்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. விவரம் தெரியாத பெற்றோர் அப்படித் தவிப்பதைப் பார்த்ததால்தான் இதை எழுதுகிறேன்.

சட்டம் இவ்வளவுதான். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022இல் கொண்டுவந்து 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், வன உயிரின வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தில் உள்ள உயிரினங்களை அட்டவணை 4இல் சேர்த்தது. பச்சை இகுவானா அதில் இருக்கிறது. கடைகளில் விற்கும் பால் பைத்தான் (ball python) மலைப்பாம்பும் இருக்கிறது. பிரிவு 49-எம் படி இவற்றை உயிருடன் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் பதிவு செய்தாக வேண்டும். அதற்கான விதிகள் 2024 பிப்ரவரி 28 அன்று வந்தன. விண்ணப்பம் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் 2.0 இணையதளம் வழியாக, மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளருக்குப் போகும். மீறினால் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

இனி, ஆட்கள் எங்கே விழுகிறார்கள் என்று பார்ப்போம்.

விதிகள் வரும்போதே வைத்திருந்தவர்களுக்குக் கிடைத்த ஆறு மாத அவகாசம் 2024 ஆகஸ்ட் இறுதியோடு முடிந்தது. அதன் பிறகு வாங்கியவர்களுக்கு முப்பதே நாள். அந்த முப்பது நாள் பிராணி உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து ஓடுகிறது. "பேப்பர் அடுத்த வாரம் அனுப்புகிறேன்" என்று விற்றவர் இழுத்தடிக்க, வாங்கியவர் நம்பிக் காத்திருந்து கெடுவைத் தவற விடுகிறார். பேப்பர் கைக்கு வராமல் பணம் கொடுக்காதீர்கள்.

வெளிநாட்டுப் பிராணி வைத்திருப்பதைத் தாமாக முன்வந்து அறிவிக்கும் வாய்ப்பு ஒன்றை 2020இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் கொடுத்தது. அப்போது அறிவித்தவர்கள் வேலை முடிந்தது என்று நிம்மதியாக இருக்கிறார்கள். முடியவில்லை. பிராணி எப்படி வந்தது என்பதற்கு அது நல்ல ஆதாரம். ஆனால் 49-எம் பதிவுச் சான்று வேறு.

"இந்தியாவிலேயே குஞ்சு பொரித்தது, பதிவு தேவையில்லை" என்பது இன்னொரு பொய். எங்கே பொரித்தாலும் இனம் அட்டவணையில் இருந்தால் பதிவு வேண்டும். திருவனந்தபுரத்தில் வாங்கிக் களியக்காவிளை வழியாகக் கொண்டுவருபவர்கள், விற்றவருடைய பதிவு தங்களுக்கும் செல்லும் என்று நினைக்கிறார்கள். கைமாறியதைத் தெரிவிக்காவிட்டால் அந்தச் சான்றை வைத்து உங்களால் எதுவும் செய்ய முடியாது. பில்லில் 'லிசார்ட் ஒன்று' என்று எழுதியிருந்தாலும் பயனில்லை. உயிரினத்தின் அறிவியல் பெயர், உங்கள் முழுப் பெயர், தேதி மூன்றையும் எழுதி வாங்குங்கள்.

அலைச்சல் அடுத்தது. ஓர் அலுவலகத்தில் "இது காட்டு விலங்கே இல்லையே" என்பார்கள். அடுத்ததில் "ஆன்லைனில் போடுங்கள்" என்பார்கள். இ-சேவை மையத்தில் அப்படியொரு சேவையே பட்டியலில் இல்லை என்பார்கள். ஒரு தகப்பனார் மூடியில் ஓட்டை போட்ட தெர்மோகோல் பெட்டியில் இகுவானாவை வைத்துக்கொண்டு அலுவலக வராந்தாவில் நின்றதைப் பார்த்தேன். அதன் கீழ்த்தாடை வீங்கி ரப்பர் போல் வளைந்தது, பின்னங்கால் நடுங்கியது. சுண்ணாம்புச் சத்தும் புற ஊதாக் கதிரும் கிடைக்காத இகுவானாவுக்கு வரும் எலும்பு நோய் அது. மருத்துவரிடம் போகவேண்டிய பிராணி பகல் முழுக்க அங்கே கிடந்தது. அதைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

பிராணியை எந்த அலுவலகத்துக்கும் தூக்கிச் செல்லாதீர்கள். படம், பில், ஆதார் நகல் போதும். இணையத்தில் விண்ணப்பித்த கையோடு விண்ணப்ப எண்ணை அச்செடுத்து வையுங்கள். பதில் வராவிட்டால் மாவட்ட வன அலுவலருக்கு அதே எண்ணைக் குறிப்பிட்டு ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்டில் கடிதம் அனுப்புங்கள். திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளிலும் மனு கொடுத்து ரசீது வாங்கலாம். வாய்வார்த்தையாக "சரி, பார்க்கலாம்" என்று அனுப்பி வைத்தால் அதற்குச் சாட்சி கிடையாது.

கெடு தாண்டியவர்கள் பயந்துபோய் இகுவானாவைத் தென்னந்தோப்பிலோ ஆற்றங்கரையிலோ விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். கூண்டில் வளர்ந்தது நாய்க்கும் பருந்துக்கும் இரையாகும். பிழைத்துப் பெருகினாலோ கேடு நம் மண்ணுக்கு. ஃபுளோரிடாவிலும் தைவானிலும் இப்படிப் பெருகியதை இன்றுவரை கட்டுப்படுத்த முடியவில்லை. எழுத்தில் உண்மையைச் சொல்லி, தேவைப்பட்டால் ஒரு வழக்கறிஞரை வைத்துக்கொண்டு, வனத்துறையை அணுகுங்கள். தாமதமான விண்ணப்பம் ஏற்கப்படும் என்று நான் உறுதி தர முடியாது. ஆனால் மறைத்து வைத்து மாட்டிக்கொள்வதைவிட நீங்களாகப் போய்ச் சொல்வது மேல்.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள். நம் ஊர் உடும்புக்கும் நட்சத்திர ஆமைக்கும் இந்தப் பதிவே கிடையாது. இரண்டும் அதே சட்டத்தில் உச்சப் பாதுகாப்பு உள்ள அட்டவணை 1இல் இருப்பவை. பிடிப்பதும் வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை, அபராதம் குறைந்தது 25,000 ரூபாய். தோட்டத்தில் உடும்பு வந்தால் அதை அதன் பாட்டுக்கு விடுங்கள். கிணற்றில் விழுந்தால் வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள்.

பதிவு கிடைத்த பிறகும் இகுவானா குஞ்சு பொரித்தாலோ, வேறொருவரிடம் கொடுத்தாலோ, இறந்தாலோ தெரிவிக்க வேண்டும். இறந்ததும் கொல்லையில் புதைத்துவிட்டால், விற்றுவிட்டதாகச் சந்தேகம் வரும்போது உங்களிடம் காட்ட ஒன்றும் இருக்காது. புதைப்பதற்கு முன் கால்நடை மருத்துவரிடம் இறப்புச் சான்று வாங்கிவிடுங்கள்.