தாடையில் பிறந்த சொல்

போன டிசம்பரில் ஒரு ஞாயிறு மாலை சிங்கப்பூரின் தேக்கா சந்தையில் காய்கறி வாங்கிக்கொண்டு கிளம்பும்போது நல்ல மழை பிடித்துக்கொண்டது. பேருந்து நிறுத்தத்துக்கு ஓடுவதற்குள் நானும் மகளும் தொப்பலாக நனைந்துவிட்டோம். பேருந்தில் ஏறியதும் ஏர்கான் காற்று நேராகத் தலையில் இறங்கியது. இரண்டு நிறுத்தம்கூடத் தாண்டவில்லை, "அப்பா, பல்லு தானா ஆடுது, நிறுத்த முடியல" என்றாள். கன்னத்தில் கை வைத்துப் பார்த்தேன். காதுக்குக் கீழே தாடை மூலையில் தசை படபடவென்று துடித்துக்கொண்டிருந்தது. கைகளில் அப்போது நடுக்கமே இல்லை.

இந்த நடுக்கத்துக்கு ஆங்கிலத்தில் 'ஷிவர்' என்று பெயர். எண்ணூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்தில் அது 'ச்சிவரென்' என்று இருந்தது. தாடையைக் குறிக்கும் 'ச்சாவல்' என்ற இன்னும் பழைய சொல்லிலிருந்து அது வந்திருக்கலாம் என்பது சொல்லாய்வாளர்கள் பலரின் கருத்து. அப்படியானால் முதலில் அந்தச் சொல் பற்கள் அடித்துக்கொள்வதைத்தான் சொல்லியிருக்கிறது. பிற்பாடுதான் உடம்பு முழுவதற்குமான நடுக்கமாக விரிந்திருக்கிறது. முன்னால் இருந்த 'ச்' ஒலி 'ஷ்' ஆனதும் பிற்பாடுதான்.

ஆங்கிலத்தில் இன்னொரு 'ஷிவர்' இருக்கிறது. அதற்குச் சிராய், சில்லு என்று பொருள். பலகைபோல் பிளக்கும் கல்லுக்கு ஜெர்மானியர் சொல்லும் 'ஷீஃபர்' அதற்கு உறவு. கதைகளில் வரும் கடற்கொள்ளையர் "ஷிவர் மை டிம்பர்ஸ்" என்று கத்துவார்களே, அங்கே கப்பல் மரம் குளிரில் நடுங்கவில்லை, சில்லுசில்லாகச் சிதறுகிறது. ஒலி ஒன்று, வேர் வேறு.

சரி, தமிழில் என்ன சொல்கிறோம்? 'வெடவெட' என்கிறோம், 'கிடுகிடு' என்கிறோம். அப்புறம் எனக்கு மிகவும் பிடித்த ஒன்று: 'பல் தந்தியடிக்கிறது'. தந்தி அலுவலகத்தில் 'கட் கட்' என்று விசை தட்டுவதைக் கேட்ட யாரோ ஒருவரின் காது தந்த சொல். 1871ஆம் ஆண்டிலேயே சென்னையும் சிங்கப்பூரும் கடலடித் தந்திக் கம்பியால் இணைந்திருந்தன. இந்தியாவில் தந்திச் சேவை 2013இல் நின்றுபோனது. ஆனாலும் நம் பற்கள் இன்னும் தந்தியடித்துக்கொண்டுதான் இருக்கின்றன. ஆங்கிலேயனும் தமிழனும் குளிரை முதலில் கேட்டது வாயிலிருந்துதான் என்று நினைக்கும்போது எனக்கு உண்மையிலேயே சிலிர்க்கிறது.

உடம்பு ஏன் இப்படி ஆடுகிறது? மூளையின் அடியில் ஹைப்போதலாமஸ் என்ற சிறு பகுதி இருக்கிறது. உடலின் உள்வெப்பத்தை 37 டிகிரியை ஒட்டி வைத்திருப்பது அதன் வேலை. குளிர் தாக்கினால் முதலில் தோலின் ரத்தக்குழாய்களைச் சுருக்கி, வெப்பம் வெளியே போகாமல் தடுக்கும். அது போதாவிட்டால்தான் தசைகளுக்கு ஆணை போகும். ஒரு மூட்டை மடக்கும் தசையும் நீட்டும் தசையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில், வினாடிக்குப் பத்து முறை போலச் சுருங்கி விரியும். இரண்டும் எதிரெதிரே இழுப்பதால் கையோ காலோ பெரிதாக நகராது. செலவாகும் ஆற்றலெல்லாம் வெப்பமாகும். நடுக்கம் உச்சத்தில் இருந்தால் சும்மா இருக்கும்போது உண்டாகும் வெப்பத்தைப் போல் ஐந்து மடங்குவரை கிடைக்கும்.

கழுத்து, மார்பு, தாடை ஆகியவற்றில் இது சீக்கிரமே தெரியும். தாடை எலும்பு வேறு தொட்டில்போலத் தொங்குகிறது. மெல்லும் தசை லேசாகத் துடித்தாலே மேல்பல்லும் கீழ்ப்பல்லும் மோதிச் சத்தம் வந்துவிடும்.

இருந்தாலும் பேருந்தில் மகளின் உள்வெப்பம் பெரிதாக இறங்கியிருக்காது. மூளை தோலின் சேதியையும் சேர்த்துத்தான் கணக்குப் போடுகிறது. ஈரத் துணியிலிருந்து ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறக்குறைய 580 கலோரி வெப்பம் வேண்டும். அதில் பெரும்பகுதி அவள் தோலிலிருந்துதான் போனது. எடையோடு ஒப்பிட்டால் குழந்தைகளுக்குத் தோல் பரப்பும் அதிகம், அதனால் நமக்கு முன்பே குளிர்ந்துவிடுவார்கள்.

தோலில் குளிரை உணரும் புரதத்துக்கு 'டிஆர்பிஎம்8' என்று பெயர். கோடாலித் தைலத்தில் இருக்கும் மென்தாலும் இதே புரதத்தைத்தான் தட்டி எழுப்புகிறது. நெற்றியில் தடவியதும் ஜில்லென்று இருப்பது அதனால்தான். வெப்பமானி வைத்துப் பார்த்தால் நெற்றி அவ்வளவாகக் குளிர்ந்திருக்காது.

காய்ச்சலில் கணக்கு தலைகீழ். கிருமியை எதிர்க்க ஹைப்போதலாமஸ் தன் இலக்கை 39 டிகிரிக்கு உயர்த்திவிட்டால், 37இல் இருக்கும் உடம்பு அதற்குக் குளிர்ந்த உடம்பு. அதனால்தான் நெற்றி சுடும்போதே போர்வை கேட்கிறோம். மருத்துவர்கள் அந்த நடுக்கத்தை 'ரைகர்' என்பார்கள். லத்தீனில் அதற்கு விறைப்பு என்று பொருள். 'குளிரில் விறைச்சுப்போச்சு' என்று நம் வீட்டில் சொல்வதும் அதேதான்.

இதயம் நின்று மீண்ட நோயாளியின் மூளையைக் காப்பாற்றச் சில சமயம் தீவிர சிகிச்சைப் பிரிவில் உடம்பை வேண்டுமென்றே குளிர்விப்பார்கள். அப்போது நடுக்கம் வந்தால் உடம்பு மறுபடி சூடாகிவிடும். அதனால் கண்ணுக்குத் தெரியும் முன்பே அதைப் பிடித்தாக வேண்டும். அதற்குத் தாதி தன் விரல்களை வைத்துப் பார்க்கும் இடங்களில் ஒன்று, அன்று பேருந்தில் நான் கை வைத்த அதே தாடை மூலை.