'ரத்தக்கட்டி' என்று சொல்லாதீர்கள்: ரத்தக்குழாய்ப் பிறழமைவு

"பிள்ளைக்குக் கன்னத்துல ரத்தக்கட்டியாம்." நெல்லைப் பக்கம் ஸ்கேன் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு தாய்மார் இப்படித்தான் சொல்கிறார்கள். அவர்கள்மேல் குற்றமில்லை. ரத்தக்குழாய் பிறவியிலேயே தப்பாக அமைந்த வாஸ்குலர் மால்ஃபர்மேஷனுக்கு 'இரத்தநாளக் கட்டி' என்று பெயர் வைத்த மொழிபெயர்ப்பாளர்களைத்தான் கேட்க வேண்டும்.

லத்தீனில் 'வாஸ்குலும்' சின்னக் கலம். 'மால்' என்றால் கெட்ட, 'ஃபோர்மா' என்றால் வடிவம். சொற்பிறப்பு அவ்வளவுதான். அதைத்தான் 'ரத்தக்குழாய்ப் பிறழமைவு' என்கிறேன்.

நம் ஊரில் கட்டி என்றால் பழுக்கும், உடையும். பற்றுப் போடுவார்கள், கீறிவிடச் சொல்வார்கள். பிறழமைவைக் கீறினால் ரத்தம் லேசில் நிற்காது. மருத்துவத்திலோ கட்டி என்பது செல் பெருகி வளர்வது. பிறந்த சில வாரத்தில் சிவந்து தடித்து, விறுவிறுவென வளர்ந்து, பிறகு வருஷக்கணக்கில் தானே வற்றுகிற ஹெமாஞ்சியோமாவைக் கட்டி என்றால் தகும். ப்ராப்ரனலால் மருந்துக்கே பெரும்பாலும் அடங்கிவிடும். பிறழமைவு கருவிலேயே குழாய் தப்பாக அமைந்தது. பிள்ளையோடு சேர்ந்து வளரும், வற்றாது. சிரை வகையை அழுத்தினால் அமுங்கும், தலையைக் குனிந்தால் புடைக்கும். சிலருக்கு உள்ளே குன்றிமணிபோலக் கல் தட்டுப்படும். ஹெமாஞ்சியோமா, பிறழமைவு இரண்டையும் மல்லிக்கன், குளோவாக்கி என்ற ஆய்வாளர்கள் 1982-இல் பிரித்துவைத்தார்கள். தமிழில் மறுபடி ஒரே பானையில் போட்டுக் கிண்டுகிறோம்.

'குறைபாடு' என்கிறார்கள் சிலர். என்ன குறைந்தது? வேண்டாத குழாயல்லவா கூடிக்கிடக்கிறது! 'உருக்குலைவு' என்றால் முன்பு ஒழுங்காக இருந்து பிறகு குலைந்ததாகும். 'நாளம்' வடசொல் என்பதோடு, 'நாளமில்லாச் சுரப்பி'யில் வேறு வேலையும் பார்க்கிறது. குழாய் போதும்.

தாமிரபரணித் தண்ணீர் கன்னடியன் கால்வாயில் வந்து, மடை வழியே வயலில் பரவி, வடிகாலில் இறங்க வேண்டும். வயலைத் தொடாமல் கால்வாயே வடிகாலுக்குள் உடைத்துக்கொண்டால்? தமனிச்சிரைப் பிறழமைவில் நடப்பது அதே. இடையில் நுண்குழாய் இல்லாமல் தமனி நேரே சிரையில் கொட்டும். கைவைத்தால் சூடும் துடிப்பும் தெரியும். ஊட்டும் தமனியை மட்டும் கட்டினால் பக்கத்துக் கிளைகள் பருத்து, பின்னிக்கிடக்கும் அதே குழாய்க் கூட்டுக்கு ரத்தம் கொண்டுவரும். பிறகு உள்ளே குழல் செலுத்தவும் வழி அடைபட்டுப்போகும். அதனால் முதலில் தொடைத் தமனி வழியே மெல்லிய குழல் விட்டுக் கூட்டை அடைத்து, பெரும்பாலும் 24 முதல் 72 மணி நேரத்துக்குள் முழுசாக வெட்டி எடுப்பார்கள். மிச்சம் வைத்தால் திரும்ப வரும்.

அந்தக் குழியை மூடும் வேலைக்கு 'மறுசீரமைப்பு' என்று போடுகிறார்கள், ஏதோ மாவட்டத்தைப் பிரிப்பதுபோல. 'மீட்டமைப்பு' என்றால் என்ன? அதைவிட மோசம், கிராஃப்ட் என்கிற ஒட்டையும் ஃப்ளாப் என்கிற மடலையும் சேர்த்துத் 'தோல் ஒட்டு' என்பது. ஒட்டு மெல்லிசாகச் சீவிய தோல். கீழுள்ள சதையின் ரத்தத்தில்தான் பிழைக்கும். மடலோ சொந்தத் தமனி, சிரையோடு வரும் தடித்த துண்டு. தொடையிலிருந்து எடுத்துவந்தால் மைக்ராஸ்கோப் வைத்து, தலைமுடியைவிட மெல்லிய நூலால் கழுத்துக் குழாயோடு அதைத் தைக்க வேண்டும். ஒப்புதல் சீட்டில் 'தோல் ஒட்டு' என்று படித்துக் கையெழுத்துப் போட்ட தகப்பன், பிள்ளையின் தொடையில் ஒரு சாண் தையலைப் பார்த்ததும் "இது எதுக்கு வெட்டுனீங்க?" என்று கேட்காமல் என்ன செய்வார்?