தள்ளாமை: ஸ்கேனில் தெரிவதும் தெரியாததும்

"மாடி ஏறத் தள்ளலைப்பா" என்று வயதானவர் ஒருவர் சொன்னால் நமக்கு உடனே புரிந்துவிடுகிறது. கால் வலி என்றோ மூச்சு வாங்குகிறது என்றோ அவர் தனித்தனியாகச் சொல்லவில்லை. உடம்பு மொத்தமுமே ஒத்துழைக்கவில்லை என்கிறார். முதியோர் மருத்துவத்தில் ஃப்ரெய்ல்ட்டி என்று குறிப்பிடும் நிலையும் இதுதான். அதற்குத் தமிழில் தள்ளாமை என்றே எழுத வேண்டும் என்பது என் கருத்து.

ஃப்ரெய்ல்ட்டி என்ற சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. உடைத்தல் என்ற வினையிலிருந்து எளிதில் உடையக்கூடியது என்ற பொருளில் 'ஃப்ரஜிலிஸ்' பிறந்தது. அது பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. அங்கே முதலில் அது உடம்பைக் குறிக்கவில்லை. ஆசைக்கு எளிதில் பணிந்துவிடும் மன உறுதியின்மையைத்தான் குறித்தது.

மருத்துவத்தில் இதற்குத் திட்டமான வரையறை கிடைத்தது 2001-ல். அமெரிக்க மருத்துவர் லிண்டா ஃப்ரீடும் உடன் பணியாற்றியவர்களும் 65 வயதைத் தாண்டியவர்களை ஆராய்ந்து ஐந்து அடையாளங்களைச் சொன்னார்கள். ஓராண்டுக்குள் முயற்சி எதுவும் இல்லாமலே நாலரைக் கிலோவுக்கு மேல் எடை குறைவது, எப்போதும் அசதி, கைப்பிடி வலு குறைவது, நடை மெதுவாவது, நடமாட்டம் சுருங்குவது. இவற்றில் மூன்று இருந்தால் தள்ளாமை. ஒன்றோ இரண்டோ இருந்தால் அதற்கு முந்தைய நிலை.

இதன் சாரம், உடம்பின் கையிருப்பு தீர்ந்துபோவது. காய்ச்சல் என்று நாலு நாள் படுத்தால் மகன் ஐந்தாம் நாள் வேலைக்குப் போய்விடுவார். அதே காய்ச்சல் வந்த அப்பாவுக்கு, காய்ச்சல் விட்ட பிறகும் கட்டிலிலிருந்து எழ ஆள் தேவைப்படும். கழிப்பறைக்குப் போகும் வழியில் விழுவார். அப்புறம் இடுப்பெலும்பு, அறுவைச் சிகிச்சை என்று போகும். காய்ச்சல் சின்னதுதான். அதைத் தாங்கும் அளவுக்கு உடம்பில் மிச்சம் இல்லை.

சரி, ஏன் தள்ளாமை? பலவீனம் என்று எழுதுவதுதான் வழக்கமாக இருக்கிறது. ஆனால் பட்டினி கிடந்தாலும் பலவீனம், பரீட்சைக்குக் கண்விழித்தாலும் பலவீனம். டானிக் குடித்தால் சரியாகிவிடும் என்ற எண்ணத்தையும் அந்தச் சொல் கூடவே கொண்டுவருகிறது. நலிவு நல்ல சொல்தான், ஆனால் தொழில் நலிவு, நலிந்த பிரிவினர் என்று வேறு வேலைகளுக்குப் போய்விட்டது. நொய்ம்மை என்பது உடையக்கூடியது என்ற லத்தீன் பொருளுக்கு மிக நெருக்கம். ஆனால் நொய்யைச் சமையலறையில் பார்ப்பவர்கள்கூட நொய்ம்மை என்று பேசுவதில்லை. தள்ளாமையோ பேச்சில் உயிரோடு இருக்கிறது. நடக்கத் தள்ளவில்லை, சமைக்கத் தள்ளவில்லை என்று எதிர்மறையில்தான் அந்த வினை வரும். முன்பு முடிந்தது இப்போது முடியவில்லை என்ற பொருள் அதற்குள்ளேயே இருக்கிறது.

ஒரே ஓர் எச்சரிக்கை. 'தள்ளாத வயசு' என்று பழியை வயதின் மேல் போட்டுவிடுகிறோம். மருத்துவத்தில் தள்ளாமை வேறு, வயது வேறு. 85-ல் வயல் வரப்பில் நடப்பவர் உண்டு, 66-ல் தள்ளாமைக்குள் விழுந்தவரும் உண்டு. தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால் ஓரளவு மீட்கவும் முடியும். ஸ்கேன் இங்கேதான் வருகிறது.

ஸ்கேன் படத்தில் தள்ளாமை நேரடியாகத் தெரிவதில்லை. தெரிவது தசை. வயதோடு தசை குறைவதற்கு 1980-களின் இறுதியில் அமெரிக்க மருத்துவர் இர்வின் ரோசன்பெர்க் ஒரு பெயர் வைத்தார்: சார்கோபீனியா. கிரேக்கத்தில் 'சார்க்ஸ்' என்றால் ஊன், 'பீனியா' என்றால் வறுமை. இவ்வளவு பரவலான ஒரு நிலைக்குப் பெயர்கூட இல்லாததால்தான் யாரும் அதைக் கவனிக்கவில்லை என்று அவர் நினைத்தார். பெயர் வந்த பிறகும் அமெரிக்க நோய்ப் பட்டியலில் அதற்குத் தனி எண் கிடைக்க 2016 ஆனது.

தமிழில் இதைத் தசைத்தேய்வு, தசைச்சிதைவு என்றெல்லாம் எழுதக் கூடாது. பரம்பரையாக வரும் வேறு தசை நோய்களுக்கு அந்தப் பெயர்கள் வழங்குகின்றன. குழப்பம் வரும். ரத்தத்தில் தட்டணு குறைவதற்கும் எலும்பின் அடர்த்தி குறைவதற்கும் மருத்துவத்தில் இதே 'பீனியா' ஒட்டுதான். அவற்றைக் குறைவு என்று சொல்லும் நாம் இதையும் தசைக்குறைவு என்று சொல்வதே பொருத்தம்.

அந்தக் குறைவை எப்படிப் பார்க்கிறார்கள்? வயிற்றுக்கு எடுத்த சி.டி. ஸ்கேனில் உடம்பு குறுக்குவாட்டில் பல துண்டுகளாகத் தெரியும். அவற்றிலிருந்து மூன்றாவது இடுப்பு முள்ளெலும்பு இருக்கும் துண்டை எடுத்துக்கொள்கிறார்கள். நடுவில் வெள்ளையாக முள்ளெலும்பு. அதன் இரு பக்கமும் முட்டை வடிவில் சாம்பல் நிறமாக இரண்டு தசைகள். தொடையைத் தூக்கி அடியெடுத்து வைக்க உதவும் தசைகள் அவை. பின்னால் முதுகை நிமிர்த்திப் பிடிக்கும் தசைகள், சுற்றிலும் வயிற்றுச் சுவர்த் தசைகள். அதற்கும் வெளியே கறுப்பாகக் கொழுப்பு. இந்த ஒரு துண்டில் உள்ள தசையின் பரப்பு, உடம்பு முழுவதிலும் உள்ள தசையின் அளவோடு நன்றாக ஒத்துப்போகிறது.

எது தசை, எது கொழுப்பு என்று பிரிப்பது எண்களை வைத்து. சி.டி.யை உருவாக்கி 1979-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரில் ஓர் அளவுகோல் உண்டு. அதில் தண்ணீர் 0, காற்று −1000. −29 முதல் +150 வரை வருவதைத் தசை என்று கணக்கிடுகிறார்கள். அந்தப் பரப்பை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். 1.7 மீட்டர் உயரமுள்ள ஒருவருக்குத் தசைப் பரப்பு 130 சதுர சென்டிமீட்டர் என்றால் விடை 45. முன்பு இதற்கு ஆள் உட்கார்ந்து படத்தில் தசையைச் சுற்றிக் கோடு வரைவார்கள். இப்போது மென்பொருள் சில வினாடிகளில் செய்துவிடுகிறது.

45 குறைவா, போதுமா? 2008-ல் வெளிவந்த ஓர் ஆய்வு ஆண்களுக்கு 52.4, பெண்களுக்கு 38.5 என்று எல்லை வகுத்தது. பலரும் அதையே எடுத்தாள்கிறார்கள். ஆனால் அந்த எண்கள் கனடாவில் உடல்பருமனோடு இருந்த புற்றுநோயாளிகளிடமிருந்து வந்தவை. அதே எண்ணை ஒல்லியான தஞ்சாவூர்க்காரர் மேல் வைத்துத் தீர்ப்புச் சொல்வது நியாயமில்லை.

பரப்பு மட்டும் போதாது, தரமும் வேண்டும். நூல் நூலாகக் கொழுப்பு ஊடுருவிய தசை படத்தில் கறுத்துத் தெரியும், ஹவுன்ஸ்ஃபீல்டு அளவுகோலில் அதன் எண்ணும் இறங்கும். மயோஸ்டியாட்டோசிஸ் என்கிறார்கள். தசைக்கொழுப்பேற்றம் என்று சொல்லலாம். பார்வைக்குப் பருமனாக இருக்கும் அம்மாவுக்கும் இது இருக்கலாம். "நல்லா உடம்பு வெச்சிருக்காங்களே" என்று நாம் ஏமாந்துபோவது இங்கேதான்.

எலும்பின் அடர்த்தியைப் பார்க்க எடுக்கும் டெக்ஸா ஸ்கேனிலும் தசையை அளக்கலாம், கதிர்வீச்சு மிகக் குறைவு. அல்ட்ராசவுண்டில் கதிர்வீச்சே இல்லை. கட்டிலருகிலேயே முன்தொடைத் தசையின் தடிமனைப் பார்த்துவிடலாம். வயிற்று சி.டி.யில் அப்படியில்லை. இயற்கையாக நம்மேல் படும் கதிர்வீச்சில் ஏறக்குறைய மூன்று ஆண்டுக்குரியதை ஒரே தடவையில் வாங்குகிறோம். அதனால் தள்ளாமையைத் தேடுவதற்கென்றே சி.டி. எடுக்கச் சொல்வது தவறு. சிறுநீரகக் கல்லுக்கோ புற்றுநோய்க்கோ ஏற்கெனவே எடுத்த படத்தில் தசையையும் பார்ப்பதுதான் முறை. இதற்கு ஆங்கிலத்தில் உள்ள பெயரைச் 'சந்தர்ப்பவாதப் பரிசோதனை' என்று மொழிபெயர்த்தால் திட்டுவது போல் இருக்கும். போகிறபோக்கில் கண்டறிதல் என்பது நம் பேச்சுக்கு இயல்பாக வருகிறது.

இரண்டு சொற்களையும் ஒன்றாக்கிவிடாமல் இருப்பது முக்கியம். தசைக்குறைவு தள்ளாமையின் பெரிய பகுதி, ஆனால் முழுதும் அல்ல. அசதி படத்தில் விழாது, மெல்ல நடப்பதும் விழாது. ஐரோப்பிய நிபுணர் குழு 2018-ல் தசைக்குறைவுக்கான தன் வரையறையைத் திருத்தியபோது, முதலில் வலுவை அளக்க வேண்டும், தசையின் அளவை உறுதிப்படுத்தத்தான் ஸ்கேன் என்று வரிசையை மாற்றியது. 2019-ன் ஆசியப் பரிந்துரையில் கைப்பிடி வலு ஆண்களுக்கு 28 கிலோவுக்கும் பெண்களுக்கு 18 கிலோவுக்கும் கீழே போனால் குறைவு.

வீட்டில் பெரியவர் ஒருவருக்கு வேறு காரணத்துக்காக வயிற்று சி.டி. எடுத்திருந்தால், தசை எப்படி இருக்கிறது என்று மருத்துவரிடம் கேட்கத் தயங்க வேண்டாம். குறிப்பாக, அறுவைச் சிகிச்சைக்கோ கீமோதெரபிக்கோ முன்னால் கேட்க வேண்டும். தசைக்குறைவு தெரிந்தால், சிறுநீரகம் நன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் புரதத்தைக் கூட்டவும், எடையோ ரப்பர் பட்டையோ வைத்துப் பயிற்சி தொடங்கவும் அந்த இடைவெளி உதவும். கூடவே, கையை மடக்கி மார்பில் வைத்தபடி நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லிப் பாருங்கள், யாராவது பக்கத்தில் நின்றுகொள்ளட்டும். அதே ஆசியப் பரிந்துரையில் 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனால் மேற்கொண்டு பரிசோதிக்க வேண்டும்.