ஹேட்சரி: பண்ணை அன்று, பொரிப்பகம்

அமெரிக்க சால்மன் மீன்களைப் பற்றித் தமிழில் எழுதும்போது ‘ஹேட்சரி’ என்ற சொல்லை ‘மீன் பண்ணை’ என்று எழுதிவிடுவது எளிது. அப்படி எழுதினால் செய்தியே தலைகீழாகிவிடும். பண்ணை மீன் அறுவடை நாள்வரை அடைப்புக்குள்ளேயே இருக்கும். ஹேட்சரியில் பிறந்த குஞ்சோ ஆற்றில் விடப்பட்டு, கடலுக்குப் போய் வளர்ந்து, முட்டையிட மறுபடியும் ஆறேறி வரும். வெளியே போன பிறகு அது என்ன செய்கிறது என்பதுதான் அமெரிக்கச் சட்டத்தின் கவலை.

முட்டை ஓட்டை உடைத்துக்கொண்டு குஞ்சு வெளிவருவதை ஆங்கிலத்தில் ‘ஹேட்ச்’ என்பார்கள். அதோடு சேர்ந்திருப்பது ‘பேக்கரி’யில் வருகிற அதே இடப்பெயர் விகுதி. தமிழில் அந்த வினைக்கு நேரானது ‘பொரி’. நெல் வெடித்தால் பொரி. ஓடு வெடித்தால் குஞ்சு பொரிகிறது. இதை ‘முட்டை பொறித்தது’ என்று வல்லின றகரம் போட்டு எழுதுவது பிழை. பொறி என்பது தீப்பொறி, எலிப்பொறி, இயந்திரம். நூலகம், பதிப்பகம் போல ‘அகம்’ சேர்த்தால் ‘பொரிப்பகம்’. கடலாமை முட்டைகளைக் காக்கும் இடத்துக்கு இச்சொல் ஏற்கெனவே பொருந்திவிட்டது. மீனுக்கு மட்டும் ஒரு சிக்கல் உண்டு: ‘மீன் பொரிப்பகம்’ என்றால் வறுவல் கடை நினைவுக்கு வரும். ஆகவே ‘மீன்குஞ்சுப் பொரிப்பகம்’ என்று முழுதாகச் சொல்வது நல்லது. ‘அடைகாப்பகம்’ பொருந்தாது. சால்மன் முட்டைக்குத் தாயின் சூடு தேவையில்லை, ஓடும் குளிர்ந்த நீர் போதும்.

இந்த இடங்களில் நடப்பது பொரிப்பது மட்டுமன்று. ஆறேறி வரும் தாய்மீனைப் பிடித்து, முட்டைகளை எடுத்து, ஆண் மீனின் விந்தைக் கலந்து, தட்டுகளில் பொரியவைத்து, குஞ்சுகளைத் தொட்டிகளில் வளர்த்து ஆற்றில் விடுகிறார்கள். அமெரிக்க மீன்வளர்ப்பு முன்னோடி லிவிங்ஸ்டன் ஸ்டோன் 1872இல் கலிபோர்னியாவின் மெக்லவுட் ஆற்றங்கரையில் இத்தகைய நிலையம் ஒன்றைத் தொடங்கினார். பிற்காலத்தில் அமெரிக்காவின் வடமேற்கில் ஓடும் கொலம்பியா ஆற்றில் அணைகள் எழுந்தபோது, அவற்றால் நேர்ந்த இழப்புக்கு ஈடாகப் பொரிப்பகங்கள் பெருகின. அவற்றுள் ஒன்றான கிராண்ட் கூலி அணையில் மீன் ஏற வழியே வைக்கவில்லை.

குஞ்சுகளை விட்டால் மீன் பெருகும் என்ற நம்பிக்கை இயல்பானதுதான். ஆனால் தொட்டியில் வளர்ந்தவை ஆற்றில் பிறந்தவற்றோடு இரைக்குப் போட்டியிடுகின்றன. சில தாம் விடப்பட்ட ஆற்றை விட்டு வேறு ஆற்றில் ஏறி அங்குள்ளவற்றோடு கலக்கின்றன. அந்தந்த ஆற்றுக்கென்று தலைமுறைகளாக அமைந்த மரபு அதனால் மங்குகிறது.

இங்கேதான் அமெரிக்காவின் 1973ஆம் ஆண்டு அருகிவரும் உயிரினங்கள் சட்டம் நுழைகிறது. அச்சட்டம் தடுக்கும் செயலுக்கு ஆங்கிலத்தில் ‘டேக்’ என்று பெயர். ‘எடுத்தல்’ என்று பெயர்த்தால் பொருள் போய்விடும். தொல்லை தருதல், துரத்துதல், காயப்படுத்துதல், கொல்லுதல், பிடித்தல், சேகரித்தல் எல்லாம் அதில் அடங்கும். என் தேர்வு ‘ஊறு’. முட்டைக்காகத் தாய்மீனைப் பிடிப்பதும் ஊறுதான் என்பதை அந்த வரையறை சொல்லிவிடுகிறது. காக்கப் புகுந்த பொரிப்பகமும் அனுமதி கேட்டாக வேண்டும்.

அச்சுறுத்தலுக்கு உள்ளான நிலையில் இருக்கும் இனங்களுக்கு, சட்டத்தின் 4(டி) பிரிவின்கீழ் தேசியக் கடல் மீன்வளத் துறை தனி விதி வகுக்கலாம். 2000ஆம் ஆண்டு சால்மனுக்கும் ஸ்டீல்ஹெட்டுக்கும் அப்படி வகுத்த விதி, ‘பொரிப்பக மரபியல் மேலாண்மைத் திட்டம்’ ஒன்றைக் கொடுத்து ஒப்புதல் பெற்ற பொரிப்பகத்துக்கு ஊறுத் தடையிலிருந்து விலக்குத் தருகிறது. எந்தத் தாய்மீன், எத்தனை குஞ்சு, எங்கே விடுவது, எப்படிக் கண்காணிப்பது எல்லாம் அதில் இருக்க வேண்டும். (ஸ்டீல்ஹெட் என்பது கடலுக்குப் போய்வரும் வானவில் ட்ரௌட். நீலகிரி ஓடைகளில் கொண்டுவந்து விடப்பட்டதும் அதே இனம்தான்.)

விதிகளை வைத்துப் பொரிப்பகமே கெடுதல் என்று முடிவுகட்டுவதை நான் ஏற்கமாட்டேன். 1992இல் ஐடஹோ மாநிலத்தின் ரெட்ஃபிஷ் ஏரிக்குத் திரும்பிய சாக்கை என்னும் வகை சால்மன் ஒன்றே ஒன்று, ஓர் ஆண் மீன். ‘தனியன் லாரி’ என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். அந்த மரபு இன்றும் இருக்கிறது என்றால், பிடித்து வைத்து இனம் பெருக்கியதுதான் காரணம்.

கடைசியாக ஒரு சொல்லிணை. பொரிப்பக மீனுக்கு எதிரிணையாகக் ‘காட்டு சால்மன்’ என்று எழுதுவது ஆங்கிலத்தின் நிழல். காட்டில் மீன் ஏது? ‘ஆற்றுப் பிறப்பு’, ‘பொரிப்பகப் பிறப்பு’ என்று எழுதலாம். அடையாளத்துக்காகப் பொரிப்பகக் குஞ்சுகள் பலவற்றின் முதுகில், வாலருகே உள்ள சிறு கொழுப்புத் துடுப்பை வெட்டிவிடுகிறார்கள். பல ஆறுகளில் தூண்டிலில் சிக்கியது துடுப்போடு இருந்தால் திரும்ப விட்டுவிட வேண்டும். ஆனால் பொரிப்பகத்தில் பிறந்த இரண்டு மீன்கள் ஆற்றின் கூழாங்கற்களுக்கு நடுவே முட்டையிட்டால், அந்தக் குஞ்சுகள் துடுப்போடுதான் வரும். கணக்கில் அவை ஆற்றுப் பிறப்பு.